ஓடமாக வேண்டிய இலுப்பைக் கதவு

நலமே விளைக. சுழியாறு காக்கும் தாழைநாட்டு மாதேவியார், வழிநடையோர்க்கு நிழலும் பசித்தோர்க்குச் சோறுமாய் நிற்கும் பெருமாட்டியார் திருவாய்மொழிந்தபடி, அவர் குடைக்கீழ்ப் பெருங்கோடை நாடாளும் வேள் நன்மாறர் திருமுன்பு ஓலைநாயகம் கண்டன் விடுக்கும் ஓலை. நும் மலைகளில் தேனும் நும் மனையில் மழலையும் என்றும் குறையாதிருப்பதாக.

தாழையூர் அறச்சாலைக்கு வாயில் உண்டு, கதவு இல்லை. இது எந்த நாட்டு வழக்கம் என்று நும் தூதர் கேட்டுச் சிரித்தார். விடை சொல்லக் கடவோம். அச்சாலையின் பின்சுவர்தான் கண்டனாகிய எம் கொல்லைச் சுவர். அங்கே நடப்பதெல்லாம் எம் செவியில் தானே வந்து விழும். சில நாள் யாமும் செவியைச் சற்று நீட்டிக் கொடுப்பதுண்டு.

சென்ற ஆனித் திங்களில் வந்து விழுந்தது வசவு. அட பாவி அண்ணா, நான் கொடுத்தது ஓடத்துக்கு, நீ மாட்டியது கதவு. ஆற்றைக் கதவு போட்டுச் சாத்துவாயோ என்று செக்குப் பூதியாள் தொண்டை கிழியக் கத்தினாள். கத்தாதே தங்கச்சி, கதவில் உன் பேரைத்தானே செதுக்கியிருக்கிறோம், பூ வைத்துக் கும்பிடாமல் இது என்ன கூத்து என்று சாலைக் கணக்கர் விடங்கர் குழைந்தார். புதுக்கதவுத் திறப்புக்கு வந்த ஊரார் பொங்கல் இலையைக் கையில் பிடித்தபடி நின்றனர். ஒருவரும் உண்ணவில்லை, ஒருவரும் வீட்டுக்கும் போகவில்லை.

பூதியாள் எண்ணெய் ஆட்டிப் பிழைப்பவள். முந்தைய கார்காலத்தில் அவள் கணவன் எண்ணெய்க் குடத்தோடு சுழியாற்றில் இறங்கினான். குடம் மட்டும் கரை சேர்ந்தது. அடுத்த மழைக்குள் அத்துறையில் ஓர் ஓடம் மிதக்கவேண்டும் என்று, தன் செக்குக்கு விதை தந்த ஒற்றை இலுப்பையையே வெட்டிச் சாலைக்குக் கொடுத்தாள். ஓடத்துக்கன்றி வேறெதற்கும் ஆகாது என்பது அவள் சொல். விடங்கர் ஓலை எழுதினார். அவளுக்கு எழுத்துத் தெரியாதாகையால் அச்சொல்லோடு சேர்த்து உரக்கப் படித்தும் காட்டினார். அவரோ கணவனின் தோழர், அவன் உடலைத் தேடி மூன்று நாள் வெள்ளத்தில் இறங்கியவர். நம்பாமல் என்ன செய்வாள்?

வழக்கு மாதேவியார் அவைக்கு வர, அவ்வோலையை யாமே வாங்கிப் பார்த்தோம். சாலைக்கு இலுப்பை ஒன்று, அவ்வளவே. படித்துக் காட்டிய சொல் எழுத்தில் இல்லை.

களவு அன்று தாயே, ஓடம் நாலு மழையில் உளுத்துப்போகும், கதவு நூறாண்டு நிற்கும், புகழ் அவளுக்குத்தானே என்று விடங்கர் மாதேவியாரிடம் முறையிட்டார். அவர் மடியில் எதுவும் ஏறவில்லை என்பதும் மெய். அதைச் சொல்லியே பலர் அவரைத் தாங்கினர். பூதியாளோ, திருடியிருந்தால் பசி போலும் என்று பொறுத்திருப்பேன். என் சொல்லை என் முகத்துக்கு நேரே படித்துவிட்டு எழுதாமல் விட்டாரே இவர் என்றாள். அண்ணா என்று அதன்பின் அவரை அழைக்கவில்லை. கதவைக் கழற்றி ஓடம் செய்க என்று மாதேவியார் பணித்தார்.

கதவு இறங்கியது. பெயர் செதுக்கிய பலகையை எங்கே பொருத்த என்று தச்சர் கேட்க, அடியில் போடு, மிதிபடட்டும் என்றாள் பூதியாள். புரட்டாசி வெள்ளத்துக்கு முன் ஓடம் நீர் கண்டது. கதவுக்கென்றே ஒருவர் கொடுக்கும்வரை சாலைக்குக் கதவில்லை.

பூதியாள் செக்கை விற்றுத் துறையருகே குடிபெயர்ந்தாள். வேலை இழந்த விடங்கரோ நும் மலைநாட்டுக்கு ஏறி வந்தார். இத்தனை வயதுவரை மணமாகாதிருந்தவர், நும் கருவூலம் காக்கும் பண்டாரியின் தங்கையை மணந்து, தாயற்ற குழவிகளுக்கென்று நும் தேவியார் கொடுத்த பாற்பசுக்களுக்கு இப்போது கணக்கெழுதுவதாகக் கேள்வி. கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும், அதில் மயங்கற்க. என்ன சொல்லி அப்பசுக்களைக் கொடுத்தார் என்று தேவியாரையே கேட்டறிந்து, பின்பு அக்கொடைக்கு விடங்கர் எழுதிய ஓலையை வேறொருவர் படிக்கக் கேட்கக் கடவீர். இது மாதேவியார் ஆணை. தாழைமடல் முத்திரை இட்டோம்.