அண்ணனுக்குச் சொன்ன இஞ்சி வைத்தியம்

ஆடி 9, செவ்வாய்க்கிழமை.

போன மாசியில் என் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, குப்பத்துத் தலைவர் சொன்னது இது: "வாயுடா அது. இஞ்சி குடிச்சிட்டுத் தோணியைத் தள்ளு. இன்னிக்கு ஏரியில வலை போடற பாடு உன்னுது, உன் முறை. வுட்டா அடுத்தவனுக்குப் பூடும்." அண்ணன் வலை இழுக்கும்போதே செத்தான்.

இன்று ஒல்லாந்தர் கோட்டை வாசலில் அதே தலைவர் வியர்த்துக் கொட்டி நின்றார். நெஞ்சை அழுத்துகிறதாம், இடது கையும் தாடையும் வலிக்கிறதாம். அண்ணனுக்கும் இப்படித்தான்.

"எனக்கு இன்னாடா ஆவுது?"

உட்காருங்கள், அசையாதீர்கள், கோட்டை வைத்தியரை அழைத்து வருகிறேன் என்று வாய்வரை வந்தது.

"வாயுதான் நைனா. இஞ்சி குடிச்சிட்டு வேலையைப் பாருங்க" என்றேன்.

அவர் வீட்டிலிருந்து அழுகைச் சத்தம் இன்னும் வரவில்லை. வரும்வரை படுக்க மாட்டேன்.