கங்கு கேட்டு வருகிறவர்

3 ஜூலை 1951, செவ்வாய்
வாசகசாலையில் எடுத்த புத்தகங்கள் முடிந்துவிட்டன. ஒன்று கண்டுபிடித்தேன். வீட்டை விசித்திரமாகக் காட்ட வேண்டுமென்றால், பூட்டிய அறைக்குள் ஊஞ்சல் ஆடுகிறது என்று எழுதுகிறார்கள். நாயென்றால், ஒரே ஒரு மரத்தைப் பார்த்து மட்டும் குரைக்கிறது. மனிதரென்றால், மழையில் குடையை மடக்கிக்கொண்டு நடக்கிறார். ஏன் என்று சொல்வதேயில்லை. காரணத்தை விட்டுவிட்டால் எதுவும் விசித்திரமாகிவிடுகிறது!

டீச்சர் 'நான் கண்ட விசித்திர மனிதர்' என்று கட்டுரை கேட்டிருக்கிறார். யாரை எழுதலாம்?

5 ஜூலை, வியாழன்
பக்கத்து வீட்டு ஃப்ளோரன்ஸ் அத்தையை எழுதிவிட்டேன். பெயர் போடவில்லை. "தீப்பெட்டிக் கம்பெனியில் ஊருக்கெல்லாம் குச்சி அடுக்குகிற ஒரு பெண், தன் அடுப்புக்கு மட்டும் தினமும் அடுத்த வீட்டில் நெருப்பு கேட்டு வருகிறாள். கையில் உடைந்த சட்டி, சட்டியில் சாம்பல், சாம்பல்மேல் ஒரு கங்கு." நன்றாக வந்திருக்கிறது. திரும்பத் திரும்பப் படித்தேன்.

9 ஜூலை, திங்கள்
டீச்சர் என் கட்டுரையை வகுப்பில் வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் ரோசியைப் பார்த்தேன். அத்தையின் மகள், என் பெஞ்சுக்காரி. குனிந்து, நகத்தால் பலகையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

டீச்சர் மட்டும் படிப்பார் என்றுதான் நினைத்தேன் — அப்படியா நினைத்தேன்?

மணி அடித்ததும் கேட்டாள்: "எங்கம்மா இன்னாடி, உனுக்கு சர்க்கஸா? எதுக்குனு உன்னாண்டதானே சொன்னேன். அந்தக் காரணத்த ஏன் எழ்தல?"

10 ஜூலை, செவ்வாய்
தெரியும். எனக்குத் தெரியும். போன வருஷம் அத்தை வேலைக்குப் போயிருந்தபோது ரோசியின் குட்டித் தங்கை தீப்பெட்டியை எடுத்து விளையாடினாள். பாவாடையில் பற்றிக்கொண்டது. பிழைக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுக்குள் தீப்பெட்டி கிடையாது. பெரியவர்களுக்குத் தெரியும்; பள்ளிக்கூடத்தில் ரோசி என்னிடம் மட்டும்தான் சொன்னாள், கடற்கரைப் பாறையில் உட்கார்ந்து.

அதைச் சேர்த்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால் விட்டேன். மறந்துபோய் இல்லை. தெரிஞ்சேதான் விட்டேன்.

12 ஜூலை, வியாழன்
பெயர் போடாமலே யாரென்று தெரிந்துவிட்டது. வகுப்புப் பெண்கள் அத்தை வீட்டைத் தாண்டும்போது, "யம்மாவ், நெருப்பு கீதா நெருப்பு?" என்று கத்திவிட்டு ஓடுகிறார்கள்.

14 ஜூலை, சனி
"ஏட்டி சுயம்பு, ஃப்ளோரன்ஸ் ரெண்டு நாளா கங்குக்கு வரலியே, மேலுக்குச் சொகமில்லையோ?" என்று அம்மா கேட்டாள். தெரியாது என்றேன். அந்த வீட்டில் புகையே இல்லை. ரோசி நேற்று மதியம் டீக்கடை பன் தின்றாள். வேறு பெஞ்சில்.

சாயங்காலம் நானே சட்டியில் கங்கு எடுத்துக்கொண்டு போனேன். அத்தை கதவைப் பாதிதான் திறந்தார்.

"இன்னா கண்ணு, இத்தையும் எழ்தப் போறியா?"

அத்தை, தப்புதான் என்று சொல்லத்தான் போனேன். சட்டியை மட்டும் நீட்டினேன்.

"வூட்டுக்குப் போ. கைய சுட்டுக்கப் போற."

17 ஜூலை, செவ்வாய்
அப்பா கடையிலிருந்து வந்து சொன்னார்: "ஃப்ளோரன்ஸ் இன்னைக்கு ஒரு தீப்பெட்டி வாங்கிட்டுப் போச்சு. இப்பவாது மனசு தேறிச்சே." அம்மாவும் நல்லதாப் போச்சு என்றாள். ஏன் வாங்கினார் என்று எனக்குத்தான் தெரியும்.

22 ஜூலை, ஞாயிறு
காலையில் ரோசி தெருவில் நிற்கிறாள். பல் தேய்க்கவில்லை, தண்ணீர் பிடிக்கவில்லை, சும்மா நிற்கிறாள். தினமும் இப்படித்தான். யார் பார்த்தாலும் விசித்திரம் என்பார்கள். காரணத்தை எழுதிவைக்கிறேன்: அடுப்பு பற்றும்வரை அத்தை அவளை உள்ளே விடுவதில்லை.

இன்று நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். உள்ளே குச்சி உரசும் சத்தம். பற்றவில்லை. இன்னொன்று. அதுவும் பற்றவில்லை. "வராத, அங்கியே நில்லு" என்று அத்தையின் குரல்.

ரோசி என்னைப் பார்க்கவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கூரைக்கு மேல் புகை தெரியும்வரை இரண்டு பேரும் நின்றோம்.