லிட்டருக்குப் பதின்மூன்றுதான்

அன்புள்ள மகனுக்கு,

இங்கே நலம். உன் நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை, நன்றாக இருக்கிறாய் என்றே வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் பாதியில் மீட்டிங் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், முழுதாகப் படி.

போன மாதம் நீதானே சொன்னாய், "கார் கம்பெனிக்காரன் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டருங்கிறான், நம்ம வண்டி பதிமூணுதான் குடுக்குதுன்னா மீதி எங்கம்மா போகுது? டிரைவர்தான் பெட்ரோல உறிஞ்சுறான்" என்று. நானும் புத்தி கெட்டுப்போய், ஆறு வருஷமாக உன் அப்பாவைக் கைத்தாங்கலாகப் பிடித்து வண்டியில் ஏற்றி இறக்கிய மனுஷனை வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டேன். சாவியைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம் நானேதான் ஓட்டினேன். டேங்கை முழுதாக நிரப்பிக்கொண்டு, அப்பாவின் பிசியோதெரபிக்கு அதே ரோடு, அதே சிக்னல், மூன்று வாரம். மறுபடி நிரப்பிப் பார்த்தால் பன்னிரண்டரை! நான் என்ன உறிஞ்சிக் குடித்தேனா? ஷோரூமுக்குப் போய்ச் சத்தம் போட்டேன். அது சோதனைக்கூடத்தில் உருளைமேல் ஓட்டி எடுத்த கணக்காம், ரோட்டில் அவ்வளவு வராதாம், சிரித்துக்கொண்டே சொல்கிறான். விற்கும்போது இதைச் சொல்ல வாய் வரவில்லையா என்று கேட்டுவிட்டு வந்தேன்.

அதைவிட என்னைச் சுட்டது வேறு. பயிற்சி முடிந்து அப்பா சட்டையெல்லாம் நனைந்து மூச்சு வாங்க வருகிறார், சூடான வண்டிக்குள் அவரை எப்படி உட்கார வைப்பது? கால் மணி நேரம் முன்னாலேயே ஓடிப்போய் ஏசியைப் போட்டு வைக்கிறேன். அந்த மனுஷனும் ஆறு வருஷமாக இதைத்தான் செய்திருக்கிறார். நம் பெட்ரோல் அங்கேதான் போயிருக்கிறது.

நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூட வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்டேன், திரும்பி வாங்க என்றேன். "நீங்க கேட்டதுல வருத்தமில்லம்மா. ஐயா வண்டியில உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தாரு. 'ஏசி எனக்காகத்தான் ஓடுது'ன்னு அவரு ஒரு வார்த்தை சொல்லலியே" என்றார். வர மாட்டாராம். வந்து அப்பாவிடம் சொன்னேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார், அதிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஆயிரம் மைலுக்கு அப்பால் உட்கார்ந்துகொண்டு ஒரு மனுஷனைத் திருடன் என்று சொல்ல உனக்கு எவ்வளவு சுலபமாக இருந்தது! அதை நம்பிய எனக்கும் கொஞ்சம் புத்தி இருந்திருக்கலாம்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, நல்லபடியாக இரு. அவருடைய நம்பரைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். முதலில் அவரிடம் பேசு, என்னிடம் அப்புறம் பேசலாம்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா