சோறு வைத்து ஒட்டிய கடிதம்

பெப். 7, திங்கள்
விடிய நல்ல பனி. மண்டைதீவுச் சந்தியில் பஸ் பிந்தியது. நண்டு வரத்துக் குறைவு. பதினொரு மணிக்கே சதை எடுத்து முடிந்தது.

நண்டுக் கம்பனி வாசலில் அறிவித்தல். வெள்ளிக்கு முன் மூன்றாவது கொரோனா ஊசி போட்ட அட்டை காட்ட வேண்டும். போடாதவர் டொக்டரின் கடிதம் தர வேண்டும். இரண்டும் இல்லை என்றால் வேலையும் இல்லை. எல்லாவற்றையும் வாங்குவது கிளார்க் தவமக்கா.

தவமக்கா! யார் வீட்டில் என்ன கறி என்று பஸ்ஸில் செய்தி வாசிக்கிற ஆள். அவர் தும்மினால் காரைநகருக்குக் கேட்கும்.

வயிற்றில் பிள்ளை, எனக்கு இது ஒன்பதாவது கிழமை. மூன்று மாதம் முடிந்த பிறகு ஊசி போடலாம் என்றார் டொக்டர். இவருக்கும் எனக்கும் டொக்டருக்கும் மட்டுமே தெரியும். போன முறை ஊரெல்லாம் சொன்னேன். பிறகு கேட்ட ஒவ்வொருவருக்கும் "கலைஞ்சு போச்சு" என்று சொல்ல வேண்டி வந்தது. இன்னொரு முறை என்னால் முடியாது.

பெப். 8, செவ்வாய்
அரை நாள் லீவு. கடிதம் கிடைத்தது. எத்தனை கிழமை, முன்பு கலைந்தது, எல்லாம் அதில். நல்ல காலம், உறையின் மேலும் என் பெயரும் ஆஸ்பத்திரி முத்திரையும்; பிரிக்காமலே பதியலாம்.

வாங்கியது: சீனி, நெருப்புப்பெட்டி. பால்மா எங்கும் இல்லை.

வீட்டில் பசையும் இல்லை. நாலு சோற்றுப் பருக்கையை நசித்து உறையை ஒட்டினேன். "அரசாங்க ரகசியமோ?" என்று இவருக்குச் சிரிப்பு.

பெப். 9, புதன்
கொடுத்துவிட்டேன். தவமக்கா வாங்கி மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் பயம்.

திரும்பும்போது பஸ்ஸில் தன் மருமகளின் குசினிச் சமையலைப் பற்றி வழி முழுக்கக் கதை. என் பக்கம் பார்க்கவே இல்லை. வாசித்துவிட்டார். நிச்சயம்.

பெப். 11, வெள்ளி
தூறல். தேத்தண்ணி நேரம் மனேச்சர் வந்தார். ஊசி போடாதவர்கள் நாலு பேர்.

"ஏன் போடேல்லை எண்டு பேருக்கு நேரை எழுதி வாசலிலை ஒட்டுங்கோ."

தவமக்கா கதிரையை விட்டு எழும்பினார்.

"சேர், நாலு கடிதமும் வந்திட்டுது. ஆஸ்பத்திரி முத்திரை இருக்கு. அது போதும். ஆக்களின்ரை நோய் வருத்தம் வாசிக்க என்னை வேலைக்கு எடுக்கேல்லை."

"எனக்குத் தெரிய வேணும்."

"அப்ப டொக்டரைக் கேளுங்கோ. அவர் சொல்லமாட்டார். நானும் ஒட்டமாட்டன்."

அவருடைய வேலையும் மனேச்சர் கையில்தான். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. நாங்கள் எல்லோரும் கோப்பையோடு பார்த்தபடி. "சரி, கடிதம் தந்தது எண்டு மட்டும் எழுதுங்கோ" என்று மனேச்சர் உள்ளே போய்விட்டார். என்ன மனுசி! கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

வேலை முடிய என்னைக் கூப்பிட்டு உறையைத் திருப்பித் தந்தார்.

"பிள்ளை, பதிஞ்சாச்சு. இதை வீட்டிலை வையும்."

"வாசிச்சனீங்களோ அக்கா?"

"வாசிச்சா என்ரை வாய் சும்மா கிடவாது. அதுதான் வாசிக்கேல்லை."

வீட்டுக்கு வந்து வெளிச்சத்தில் பார்த்தேன். சோற்றுப் பருக்கை காய்ந்து அப்படியே, என் பெருவிரல் அடையாளத்தோடு. திங்கட்கிழமை எழுதியதை நினைக்க வெட்கம். அழித்தால் பொய், கிடக்கட்டும்.

மூன்று மாதம் முடிந்ததும் முதலில் தவமக்காவுக்குத்தான் சொல்வேன். மற்ற ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.