கூட்டல் கணக்கு

மேரி, எப்படி கீற? இருமல் விட்டுச்சா? நான் சொல்லச் சொல்ல சத்துணவு அக்கா எழுதுறாங்க.

முடிச்சூர் பள்ளிக்கூடத்துல பெயிண்ட் வேலை. வெள்ளத்துல ஊறுன செவுரு, இன்னும் உப்பு பூக்குது, அது கெடக்கட்டும். “தேசியக் கொடி இருக்கட்டும், சாமி சின்னத்தை மட்டும் அழிச்சிடு”ன்னாரு எச்.எம். சார். ரெண்டாங்கிளாஸ் செவுத்துல வரிசையா சிலுவை, பக்கத்துலயே விபூதிப் பட்டை, ரெண்டு கோடுதான், மூணாவது வெள்ளத்துல போயிருக்கும்போல. பட்டைய ஒரே இழுப்புல அழிச்சேன். சிலுவைக்குக் கையே வரல. ஒவ்வொண்ணா மன்னிப்பு கேட்டு அழிச்சேன்.

காலைல டீச்சர் பதறிப்போச்சு. “துரை அண்ணா, அது கூட்டல் குறி, இது சமக்குறி. கணக்கையே அழிச்சிட்டீங்களே.”

சாயங்காலத்துக்குள்ள திரும்பப் போடலன்னா வேலை இல்லியாம். சிலுவை எங்கெங்க இருந்துச்சுன்னு ஒண்ணு விடாம ஞாபகம் கீது மேரி. பட்டைதான் எங்கன்னு... இரு, சார் கூப்பிடுறாரு, நான் போயி