பேராச்சி புளியறைக்குப் போகவில்லை

தென்காசி,
12-9-1946

சுகிர்தத்துக்கு, உலகம்மாள் எழுதுவது.

கேட்டேன். உன் கடிதம் வந்த அன்றே பேராச்சியிடம் கேட்டேன். முடியாது என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். முறத்து உளுந்தைப் புடைத்துக்கொண்டே, "இன்னும் எத்தன பேருக்கு மதினி நான் வயித்தக் காட்டணும்?" என்றாள். பிறகு கல் பொறுக்கத் தொடங்கிவிட்டாள்.

ஆகவே நீ கேட்ட பேராச்சியின் படம் கிடையாது. பெயரும் கிடையாது. இரண்டாவது கட்டுரையே வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன். போன கார்டில் பேராச்சிக்குச் 'சோதனைச்சாவடியில் சிறு தொந்தரவு' என்று எழுதியிருந்தேன். பத்திரிகை வகுப்பில் நமக்குக் கற்றுத் தந்த வார்த்தைச் சிக்கனம் அது. நடந்ததை உனக்கு முழுதாகச் சொல்லவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. அப்பாவின் இருமலுக்காக வகுப்புக்கு லீவு போட்டு வந்தேனே, அது இப்போது தேவலை. சாரல் ஓய்ந்துவிட்டது. குற்றாலத்தில் சீசன் கடைகளைப் பிரித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். அருவி பாறையை ஒட்டி நூலாக வழிகிறது. அதன் கீழ் நின்றுதான் நீ மூச்சுத் திணறினாய் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். நீ விட்டுப்போன குடை பத்திரமாக இருக்கிறது.

ஏப்ரலில் ஆசிரியர் கரும்பலகையில் 'சமூகப் பிரச்சினை' என்று எழுதி, ஆளுக்கொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னாரே, அந்த நாளையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். பந்தியில் உட்கார்ந்தவர்கள் மாதிரி இருந்தோம். ஒருவன் ரேஷன் கடை வரிசையை எடுத்துக்கொண்டான். ஒருவன் வாலிபர்களின் சினிமாப் பைத்தியத்தை. நான் தறிக்காரர்களின் நூல் பஞ்சத்தை. விதவைகளுக்கு இரண்டு பேர் போட்டியிட்டு, சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். யாருக்கும் அது விநோதமாகப் படவில்லை. எனக்கும்தான். உனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. சாரலுக்கு எங்கள் ஊருக்கு வா, அங்கே ஏதாவது அகப்படும் என்றேன். பலாப்பழம் அகப்படும் என்று சொல்வதுபோல.

அகப்பட்டது. 'தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவில் ராஜ்ஜியம் மாறுகிறது. அரிசியின் விலையும் மாறுகிறது.' உன் கட்டுரையின் முதல் வரி. நல்ல வரி. இன்றைக்கும் அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. திருவிதாங்கூரில் அரிசி இல்லை, இங்கிருந்து கொண்டுபோகத் தடை, அதனால் பெண்கள் துணிப்பையில் அரிசியைக் கட்டி வயிற்றில் சுற்றிக்கொண்டு பிள்ளைத்தாய்ச்சிபோல எல்லை தாண்டுகிறார்கள். எல்லாம் உண்மை. இதைச் சொன்னவளே பேராச்சிதான்.

குற்றாலத்துக்கு வில்வண்டியில் போனபோது. அவளுக்கு அப்போது ஆறு மாதம். அவள் மாமியார், எங்கள் பக்கத்து வீட்டுச் சித்தி, அவளைத் தனியே அனுப்பமாட்டாள். பட்டாளத்திலிருக்கும் புருஷன் மாடக்கண்ணு லீவில் வந்தபோது வாங்கிக் கொடுத்த சேலையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடித்து நம்மோடு வந்தாள். அரிசிக்காரிகள் நடப்பதையும், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவதையும் நடித்துக் காட்டினாள். நீ கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாய். கடைசியில் தன் வயிற்றைத் தொட்டு, "இது அரிசி இல்ல, பாத்துக்கிடுங்க" என்றாள். "அவளுவளுக்குச் சாமர்த்தியம் பத்தாது மதினி. நானா இருந்தா வளைகாப்புப் போட்ட மாதிரி ரெண்டு கையிலயும் வளையல அடுக்கிட்டுல்ல போவேன்" என்றாள்.

நீ எழுதினாய்: 'சிலர், வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறவர்கள்போல் முழங்கை வரை கண்ணாடி வளையல் அடுக்கிக்கொண்டும் வருகிறார்கள்.'

யாரும் அப்படி வரவில்லை, சுகிர்தம். வகுப்பில் ஆசிரியர் அந்த வரியை மட்டும் இரண்டு முறை வாசித்தார். படிக்கிறவனுக்குக் கண்ணில் படுகிறது பாருங்கள் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது ஒரு பெண் வண்டியில் சொன்ன வேடிக்கை என்று தெரிந்தவள் உன்னைத் தவிர நான் ஒருத்திதான்.

கட்டுரை வந்த பத்திரிகை இங்கே முடிவெட்டும் கடை வரைக்கும் போயிற்று. அரிசிக்காரிகளுக்கு நஷ்டமில்லை. மறுவாரமே பையை முதுகுக்கு மாற்றி, மேலே புல்லுக்கட்டைச் சுமந்துகொண்டார்கள்.

போன மாதக் கடைசியில் பேராச்சிக்கு வளைகாப்பு. மறுநாள் எல்லைக்கு அந்தப் பக்கம் புளியறையிலிருந்து அவள் அம்மா வண்டியில் வந்து அழைத்துப் போனாள். தலைப்பிரசவம், தாய்வீட்டில்தான். சித்தி குங்குமம் வைத்து, வண்டி தெரு முனை திரும்பும்வரை வாசலில் நின்றாள். நானும் நின்றேன்.

அதன் பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவன் வண்டி ஓட்டிய அவள் அண்ணன் பேச்சிமுத்து. சாவடியில் நிறுத்தினார்கள். சோதனைக்காரன் வண்டிக்குள் எட்டிப் பார்த்தான். முதலில் வயிற்றைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தான். "வளையலுமா? ஏட்டி, ஒங்க வித்தை எல்லாம் பத்திரிகையில வந்தாச்சு, எறங்கு" என்று சிரித்தானாம். மூட்டையைக் குத்திப் பார்க்கிற கம்பி அவன் கையில் இருந்தது. அதை ஓங்கவில்லை, வெறுமனே பிடித்துக்கொண்டிருந்தான் என்று பேச்சிமுத்து திரும்பத் திரும்பச் சொன்னான்; அதைச் சொல்லாவிட்டால் அவனால் மேலே சொல்ல முடியவில்லை. சோதிக்கப் பெண்பிள்ளை கிடையாது. வேண்டுமானால் சேலையைத் தளர்த்திக் காட்டிவிட்டுப் போகலாம் என்றார்கள். சாலையில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அவள் அம்மா கும்பிட்டு, "எம் மவ வயித்த நீங்களே தொட்டுப் பாருங்கய்யா, பிள்ள அனங்குது" என்றாளாம்.

பேராச்சி இறங்கினாள். யாரையும் பார்க்காமல் வந்த வழியே தென்காசிக்கு நடந்தாள். பேச்சிமுத்து வண்டியைத் திருப்பிக்கொண்டு பின்னாலேயே வந்து கெஞ்சியும் வண்டியில் ஏறவில்லை.

சித்தி அவளை வீட்டுக்குள் விடவில்லை. கெட்டவள் அல்ல, பயந்தவள். வளைகாப்புப் போட்டு அனுப்பின பிள்ளை, பெற்றெடுக்காமல் பாதி வழியில் திரும்பி வாசலேறினால் மகனுக்கு ஆகாது என்று அவளுக்கு நிச்சயம். மகன் இருப்பது பட்டாளத்தில். கதவை மறித்து நின்றுகொண்டு அழுதாள். சம்பந்தியம்மாளைப் பார்த்து, "ஒம் பிள்ளைய ஒன் ஊருக்குக் கொண்டு சேக்கத் துப்பில்லையா?" என்று கேட்டுவிட்டாள். அந்தச் சொல்லோடு அவள் அம்மா வெறும் வண்டியில் திரும்பிப் போனாள். இந்தத் தெருவில் இனி கால் வைப்பதில்லை என்று.

பேராச்சி எங்கள் வீட்டில், தொழுவத்தை அடுத்த அறையில் இருக்கிறாள். மாதம் நிறைந்துவிட்டது. எல்லைப் பக்கம் இனிப் போவதில்லை என்கிறாள். 'தொட்டுப் பாருங்கய்யா' என்று சொன்னதற்காக அம்மாவை மன்னிக்கவும் இல்லை. ஆனால் அம்மா இல்லாமல் பெற்றுப்போடப் பயப்படுகிறாள். அதை என்னிடம் சொல்லவில்லை. மருத்துவச்சி வந்தபோது, "எங்கம்மா மாதிரி நீ வயித்தப் பிடிச்சுவிடுவியாக்கா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் பெரிய மனுஷி கிடையாது, உனக்குத் தெரியும். பி.ஏ. வரை நான் படித்ததில் எந்தப் பக்கமும் இதற்கு உதவவில்லை. பிடிக்காததற்கு அப்பா இருமுவார், இதற்கு இருமவில்லை.

அவள் உன்னைத் திட்டவில்லை. திட்டினாள் என்று நினைத்து நீ ஆறுதல் அடைய வேண்டாம். "கண்ணாடிக்காரம்மா நல்ல மாதிரிதானே சிரிச்சா" என்றாள். அவ்வளவுதான்.

உன் வருத்தத்தையும் எழுதலாம், அது முதல் கட்டுரையைவிட நன்றாக வரும் என்று ஆசிரியர் சொன்னதாக எழுதியிருக்கிறாய். வரும். உன்னால் முடியும். அதனால்தான் பயமாக இருக்கிறது. அதிலும் ஒரு வரி யார் கண்ணிலாவது படும். வகுப்பு அதை இரண்டு முறை கேட்கும். பேராச்சி மறுபடியும் வண்டியிலிருந்து இறங்க வேண்டும்.

என் தறிக்காரர் கட்டுரையை நான் எழுதவில்லை. முகம்மது மீரான் என்பவர் வீட்டில் தறி சும்மா நிற்கிறது. வீட்டுக்காரி தேநீர் கொடுத்தாள். குறிப்பெடுக்கப் பென்சிலை எடுத்தேன். அவள் கிழிசலை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டேன். இது சரியா என்று தெரியவில்லை. எழுதாவிட்டாலும் அவர்களுக்கு நூல் வரப்போவதில்லை.

உன்னிடம் ஒன்றே கேட்கிறேன். பத்திரிகை நிர்வாகிக்கு நான் போட்ட கார்டுக்குப் பதில் இல்லை. நீ நேரில் போ. ஒரே ஒரு வாக்கியம் போடச் சொல்: 'எல்லையில் அரிசி கொண்டுபோகும் பெண்கள் வளையல் அடுக்கிக்கொண்டு வருவதாக எழுதியது நேரில் பார்த்து எழுதியதல்ல.' பெயர் வேண்டாம், ஊர் வேண்டாம், வருத்தம் வேண்டாம். பழைய கட்டுரைக்கு யார் மறுப்புப் போடுவார்கள் என்பார்கள். திரும்பவும் கேள். வந்தால் அந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்பு, சாவடியில் கொடுக்கிறேன். இந்த மாவட்டத்தில் ஒன்பதாம் மாதத்துப் பெண் அவள் ஒருத்தி அல்ல.

உன் பார்வை நல்ல பார்வை, சுகிர்தம். அது கெடாமல் இருக்கட்டும். பேராச்சிக்குச் சுகப்பிரசவமாக உன் ஜெபத்தில் ஒரு வார்த்தை சொல். எனக்காகவும் சொல்.

உன் சிநேகிதி,
உலகம்மாள்

14-9-46. கடிதத்தை இன்னும் தபாலில் போடவில்லை. நேற்றுக் காலை பேராச்சிக்கு லேசாக இடுப்புவலி கண்டது. இது பொய்வலி, நாலைந்து நாளாகும் என்று மருத்துவச்சி சொன்னாள். நான் புளியறைக்குப் போனேன். பேராச்சியின் அம்மா திண்ணையைப் பெருக்கி முடித்தாள். பிறகு சுக்கையும் கருப்பட்டியையும் ஒரு துணியில் முடிந்துகொண்டு என்னுடன் கிளம்பினாள். சாவடியில் எங்களை யாரும் நிறுத்தவில்லை. இந்தப் பக்கம் வருகிறவர்களை அவர்கள் சோதிப்பதில்லை. சித்தி வீட்டைத் தாண்டும்போது அந்த அம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். பேராச்சியின் அறையில் அம்மா சுக்குத் தட்ட உட்கார்ந்தாள்; மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். நான் இரண்டாவது பாயை எடுத்துவந்து அந்த அறையில் விரித்தேன்.