நாலேகால் கிலோ ராசு

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு

ஆடிப் பதினெட்டுக்கு எடப்பாடி வந்த பேத்தி தீபிகா, தன் பூனையை எங்கிட்ட விட்டுட்டுப் போயிட்டா. ஓசூர்ல வேலையாம், ஹாஸ்டல்ல பூனை கூடாதாம். "இனி இது உன் பூனை அம்மாயி, நல்லா வெச்சுக்கோ"ன்னா.

கூடையைத் திறந்தேன். உடம்பு பூனை, காலு மட்டும் பல்லி! நடந்தா வயிறு தரையைக் கூட்டுது. சிரிச்சுச் சிரிச்சு எனக்கு விக்கலே வந்துருச்சு. வீட்டுக்காரர் தறியை நிறுத்திட்டு வந்து பார்த்தார். "மீதிக் காலை எங்க வெச்சுட்டு வந்துச்சு?"ன்னார்.

"அந்த ஜாதியே அப்படித்தான் அம்மாயி"ன்னு தீபிகா சொன்னா. அப்படித்தான்னு விட்டா எப்படி? இவளே ஏழாம் மாசத்துல பொறந்தவ. நான் எண்ணெய் தேய்ச்சு, கால் நீவி வளர்த்தேன். இன்னைக்கு நிலைப்படியில தலை இடிக்குது.

அவ வெச்ச பேரு ஆலிவர். நான் வெச்ச பேரு ராசு. ரெண்டுக்கும் திரும்பறதில்லை. மீன் சட்டி சத்தம் கேட்டாத் திரும்புது.

ஆகஸ்ட் 9, வெள்ளி

எண்ணெய்க் குளியல். காலை நீட்டி உட்கார்ந்து, ராசுவை மடியில மல்லாக்கப் போட்டு, நாலு காலையும் நீவி நீவி இழுத்துவிட்டேன். கண்ணை மூடிக்கிட்டு மகராசனாட்டம் கிடந்துச்சு. அப்புறம் எண்ணெய் முழுக்க நக்கித் தின்னுட்டு மூணு தடவை வயித்தால போச்சு. பரவாயில்லை, கசடு போகட்டும்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. தறிக்கெல்லாம் சந்தனப் பொட்டு வெச்சு, ராசு நெத்திக்கும் ஒண்ணு. தறிக்கு நூல் தார் சுத்தற மாரக்காள் சொல்றா, "அக்கா, காலு ஒரு விரக்கடை நீண்டிருக்குங்க!" நூலை வெச்சு அளந்தேன். நீளலை. ஆனா உடம்பு பளபளன்னு இருக்குதே! போட்டோ அனுப்பினேன். தீபிகா கேக்கறா, "அம்மாயி, என் பூனை எங்க? இது யார் ஊட்டுத் தலகாணி?"

பொறாமை.

நவம்பர் 11, திங்கள்

ராசு கட்டிலிலிருந்து குதிச்சுது, "ம்யா"ன்னு கத்துச்சு, அப்படியே படுத்துருச்சு. எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. மொபெட்ல அவர் ஓட்ட, கூடையை மடியில வெச்சுக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டரம்மா தராசுல வெச்சுப் பார்த்தாங்க. நாலு கிலோ தொள்ளாயிரம். "பாட்டி, இந்தக் காலு இவ்வளவுதான், நீளாது. இழுக்காதீங்க, எண்ணெயும் வேண்டாம். குட்டைக் காலுக்கு இந்த எடை ஆகாது, முதுகு போயிரும். மெல்ல மெல்ல நாலேகாலுக்குக் கொண்டு வாங்க. பட்டினி மட்டும் போடக் கூடாது."

நான் வளர்த்து எதுவும் கெட்டதில்லைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சவ நான்.

தீபிகா போன்ல அழுதுட்டா. "சேலத்துல என் ஃபிரெண்டு ஜோஸ்லின் கிட்ட விட்டுடறேன் அம்மாயி, அவளுக்குப் பூனை வளர்க்கத் தெரியும்." — அப்ப எனக்குத் தெரியாதா? தெரியலைதான். ஆனா கத்துக்க மாட்டேனா? பொங்கல் வரைக்கும் தவணை கேட்டேன். "நாலேகாலுக்கு மேல ஒரு கிராம் இருந்தாலும் கூட்டிட்டுப் போயிருவேன்"னா.

நவம்பர் 29, வெள்ளி

டாக்டரம்மா சொன்ன அளவுக்குத்தான் போடறேன். நூல் எடை போடற மிஷின்ல கூடையோட நிறுத்தி, கூடையைக் கழிச்சுப் பார்த்தா — அஞ்சு கிலோ! ஏறிருக்கு!

தறிக்கொட்டாய்ல பஞ்சாயத்து வெச்சேன். மாரக்காள் கருவாட்டுத் தலை. எதிர் வீட்டுப் பெருமாயி பால். வீட்டுக்காரர் டீயில நனைச்ச பன்னு. "ஒரு வாய்தானுங்க"ன்னு எல்லாரும் ஒரே பாட்டு. வெச்சு வாங்கினேன். கடைசியில அவர் மெதுவாக் கேட்டார், "சௌந்திரம், காலையில நீ சாப்பிடறப்ப நெய்ச்சோறு?"

...ஒரு வாய்தான்.

நவம்பர் 30

தறி எத்தனை மீட்டர் ஓடுச்சுன்னு எழுதற போர்டுல, எல்லாத்துக்கும் மேல சாக்பீஸால எழுதிட்டேன்: 'ராசு சாப்பிட்டாச்சு.'

டிசம்பர் 8, ஞாயிறு

4 கிலோ 850. ராசு என்னோட பேச்சு இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கு.

டிசம்பர் 20, வெள்ளி

நூல் தீர்ந்த காலிக் கோனை உருட்டிவிட்டா துரத்துது! முயலாட்டம் தாவித் தாவி, வளைவுல வழுக்கி, மறுபடி எந்திரிச்சு ஓடுது. நானும் கூடவே தறிக்கும் தறிக்கும் நடுவுல ஓடறேன். இன்னைக்குக் கொசுவம் அவுந்து, மாரக்காள் தறியைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. "யாருங்கக்கா இளைக்கறது?"

4 கிலோ 600. என் ஜாக்கெட்டும் தொளதொளங்குது.

ஜனவரி 12, 2025, ஞாயிறு

4 கிலோ 270. இன்னும் இருபதே கிராம். மூணே நாள். சாமீ.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். தீபிகா வந்துட்டா, பெரிய புதுக் கூடையோட. ஜோஸ்லின் கொடுத்ததாம்.

எல்லாரும் மிஷினைச் சுத்தி நின்னோம். அவளே நிறுத்தி, அவளே கழிச்சா. "நாலு இருநூத்தி எம்பது, அம்மாயி."

தீபிகா கூடை மூடியைத் திறந்துட்டா. ராசு எம் மூஞ்சியைப் பார்த்துத் தலையை ஆட்டுச்சு — ணங்!

"மணி! மணியைக் கழட்டுங்க!"ன்னு நான் போட்ட கூச்சல்ல தெருவே வந்துருச்சு. எங்க வீட்ல மாடு இல்லை, பொங்கலுக்கு யாருக்கு மணி கட்டறதுன்னு காலையில ராசு கழுத்துல வெண்கல மணி கட்டினது நானேதான்!

கழட்டினோம். மிஷின்ல நம்பர் தள்ளாடி நின்னுச்சு. 4 கிலோ 230.

அவர் துண்டைத் தூக்கிப் போட்டு ஆடினார், எழுபத்தொரு வயசுல. தீபிகா என்னைக் கட்டிக்கிட்டு, "தோத்துட்டேன் அம்மாயி"ன்னா. ஆனா அவ முகத்துலதான் சிரிப்பு அதிகம்.

ஜனவரி 19, ஞாயிறு

தீபிகா ஊருக்குப் போயிட்டா. புதுக் கூடை இங்கேயே இருக்கு. நல்லாக் காத்துப் போகுது. சின்ன வெங்காயம் கொட்டி வெச்சிருக்கேன்.